'ர்' செய்த குற்றம் என்ன?

ஆங்கிலத்துக்குச் சரியான உச்சரிப்பு ஒன்றே ஒன்றுதான், அது படித்த லண்டன்காரர்களின் உச்சரிப்பு, மற்றதெல்லாம் சிதைவு என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதிய கட்டுரையாளர், அதற்குச் சாட்சியாக நிறுத்தியிருப்பது வேலை நேர்காணலுக்கு வந்த ஒரு கிராமத்து இளைஞனை. 'கார்', 'பார்க்' என்று ரகர ஒற்றை அழுத்திச் சொன்னானாம். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பில் அவரும் கலந்துகொண்டு எழுதியிருப்பதால்தான் இந்த மறுப்பு.

எழுத்தே உச்சரிப்புக்கு ஆதாரம் என்று இரண்டாம் பத்தியில் சொல்கிறார். நான்காம் பத்தியில், எழுத்தில் இருக்கிற ரகரத்தைச் சொன்னவனுக்குப் 'பட்டிக்காட்டு நாக்கு' என்று பட்டம் கொடுக்கிறார். எது ஐயா உங்கள் கட்சி? எழுத்துதான் ஆதாரமென்றால், அந்த ஒற்றை விழுங்கி 'கா' என்று நிறுத்தும் லண்டன்காரர்தான் குற்றவாளி. லண்டன்தான் ஆதாரமென்றால், எழுத்தைப் பற்றிய உங்கள் இரண்டாம் பத்தி குப்பைக்குப் போகவேண்டியது. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்றுகொண்டு அடுத்தவன் நடையைப் பழிப்பதா?

லண்டன் உச்சரிப்பே மூலம், அமெரிக்கர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் அதைக் கெடுத்தவர்கள் என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் அந்த ரகரத்தை ஒலித்தது. 1791-இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், லண்டனில் அது தொண்டைக்குள் தேய்ந்து வெறும் ஆகாரமாக நீள்வதைக் குறித்துவைத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே கப்பலேறியவர்களோடு போன ரகரம் அமெரிக்காவின் பெரும்பகுதியில் இன்றும் ஒலிக்கிறது. அப்படியானால் பழையதைக் காத்தவர் யார், கைவிட்டவர் யார்? கட்டுரையாளர் உயர்குடி அடையாளமாகக் கொண்டாடும் 'பாத்' என்ற நீட்டல் இருக்கிறதே, அந்த வகை நீட்டலைக் கொச்சைக்கு மிக அருகில் வருவதென்று கண்டித்தவரும் இதே வாக்கர்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொச்சையாக இருந்ததை இன்று தலையில் வைத்துக் கும்பிடுகிறவர், இன்று கொச்சை என்று தள்ளுவதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்?

உச்சரிப்பு அகராதி தொகுத்த டேனியல் ஜோன்ஸையும் துணைக்கழைக்கிறார். 1917-இல் வந்த அந்த அகராதியின் முன்னுரையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. தென் இங்கிலாந்தில், உயர்தரத் தனியார் விடுதிப் பள்ளிகளில் ஆண்கள் படித்த குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்வதாகச் சொல்லும் ஜோன்ஸ், அதை ஆங்கிலம் பேசும் உலகுக்கே பொது அளவாக்குவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்று அங்கேயே எழுதிவிட்டார். சொந்தச் சாட்சியே எதிர்க்கட்சிக்குப் பேசுகிறது.

அவர் நியூயார்க்குக்கும் ஒருமுறை போய்வரட்டும். 1962-இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் அங்கே மூன்று பல்பொருள் கடைகளுக்குள் நுழைந்தார்: பணக்காரர்களின் சேக்ஸ், நடுத்தரத்தாரின் மேசிஸ், மலிவு விலைக்குப் பேர்போன கிளைன். நான்காவது மாடியில் விற்கும் ஒரு பொருளைக் கேட்பார். ஊழியர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று சொன்னதும் காதில் விழாததுபோல முன்னே சாய்வார். ஊழியர் இன்னொருமுறை நிறுத்தி அழுத்திச் சொல்வார். ரகரத்தை ஒரு முறையாவது ஒலித்தவர்கள் சேக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, கிளைனில் ஏறத்தாழ 20. அதாவது, லண்டனில் எந்த ரகரத்தை விழுங்கினால் மேட்டுக்குடியோ, நியூயார்க்கில் அதே ரகரத்தைச் சொன்னால்தான் மேட்டுக்குடி. ஒரே ஒலி ஓர் ஊரில் மகுடம், இன்னோர் ஊரில் கோவணம் என்றால், உயர்வும் தாழ்வும் ஒலியிலா இருக்கிறது? அதைப் பேசுகிறவனின் பையில் அல்லவா இருக்கிறது! வாசகருக்கு இது விளங்கும். கட்டுரையாளருக்கு விளங்காது, விளங்கினால் அவர் கட்டுரைக்குத் தரையே இருக்காது.

ஒரே உச்சரிப்பு இல்லையேல் ஒருவருக்கொருவர் புரியாது என்பது பூச்சாண்டி. 1941-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, யார்க்‌ஷயர் பேச்சு மாறாத வில்ஃபிரெட் பிக்கிள்ஸைத்தான் பிபிசி செய்தி வாசிக்க உட்காரவைத்தது. புரியாத நாக்கிடம் போர்ச்செய்தியை யாராவது ஒப்படைப்பார்களா?

எந்த இலக்கண மரபும் வட்டார வழக்கை மதித்ததில்லை என்று முடிக்கிறார். செய்யுளுக்குரிய நான்கு வகைச் சொற்களில் திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். அது சொல்லுக்கு வகுத்த விதி, ஒலிக்கு அல்ல என்பதை அறிவேன். ஆனால் திசைகளுக்கும் மொழியில் உரிமை உண்டென்று ஏற்ற மரபில் பிறந்தவர், பிரிட்டனிலேயே சுமார் 3 சதவீதத்தினர் பேசுவதாக மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் மதிப்பிட்ட உச்சரிப்பைக் கொண்டு நம் பிள்ளைகளைச் சலிக்கப் பார்க்கிறார். காசு கட்டிப் படித்த பள்ளியில் கிடைத்த நாக்கைச் சொத்தாக எண்ணி, அந்தச் சொத்துக்கு வேலி போடுகிறார். மொழி மேல் உள்ள அக்கறை அல்ல இது.

அந்த இளைஞனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, உன் 'கார்' எடின்பரோவிலும் டப்ளினிலும் சிகாகோவிலும் ரகரத்தோடுதான் ஓடுகிறது. அடுத்த நேர்காணலிலும் அதை அப்படியே சொல்.