யார் செய்த பாவம்?

"ஆத்தாக்காரி கிரகணத்துல வெளிய வந்திருப்பா", "போன ஜென்மத்துப் பாவம்". நான் பிறந்த சேரியில் ஒரு வயசாகியும் தலை நிக்காத, உட்கார முடியாத பிள்ளைகளுக்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான். பழியெல்லாம் பெத்தவள் தலையில்.

இந்தக் குறைக்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று ரூபெல்லா என்கிற வைரஸ். தாய்க்கு லேசான காய்ச்சல், மூணு நாள் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கரு உண்டான முதல் மூன்று மாதத்தில் வந்தால் சிசுவின் கண், காது, இதயம், மூளை எல்லாவற்றையும் தாக்கும். மூளை பாதித்த பிள்ளை தவழவும் நடக்கவும் தாமதமாகும். கண்ணும் காதும் போன பிள்ளை எதைப் பார்த்து, எந்தச் சத்தம் கேட்டுத் தவழும்?

ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941லேயே இந்நோய்க்கும் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிட்டார். 1969இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. இங்கே காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் டாக்டரிடம் அது எப்பவோ கிடைத்தது. தமிழ்நாட்டு அரசின் இலவச ஊசியாக வந்ததோ 2017 பிப்ரவரியில். இடையில் போன 48 வருஷத்தை எந்த ஜென்மத்துக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஊசி வந்தாச்சு, சரி. அதற்குமுன் பிறந்த பிள்ளைகள்? கை கால் பயிற்சிக்கு எங்க பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறினார்கள். அன்றைய கூலி போச்சு. கூலி போனால் உலை ஏது? பயிற்சியும் பாதியில் நின்றது.

பயிற்சி சேரிக்கு வரட்டும். யாரும் எங்களுக்கு இரக்கப்பட வேண்டாம். 48 வருஷ பாக்கி இருக்கு, அதைக் கொடுங்கள்.