பிரசங்கமும் சாதகமும்

நாதஸ்வர வித்துவான் விடியற்காலையில் சாதகம் செய்கிறாரென்றால் மெச்சுகிறோம். பிரசங்கம் செய்யப் போகிறவர் முன்னதாக வீட்டில் பேசிப் பழகுகிறாரென்றால் நகைக்கிறோம். மனத்தில் உண்மையிருந்தால் சொல் தானே வருமென்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். இது தவறென்பதே நமது அபிப்பிராயம்.

உண்மைக்குக் குறைவில்லாத மகாத்மா காந்தியின் அனுபவத்தைப் பாருங்கள். லண்டனில் மாணவராயிருந்த நாளில், தாம் எழுதிக்கொண்டு போனதையும் வாசிக்க மாட்டாமற் பிறரை வாசிக்கச் செய்தார். 1891இல் பாரிஸ்டராகத் திரும்பியபின், பம்பாயில் தமது முதல் வழக்கை 30 ரூபாய்க்கு ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் தலை சுழன்றது. ஒரு கேள்வியும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகக் கூறி வழக்கை விட்டார். கட்சிக்காரர் வேறொரு வக்கீலுக்கு 51 ரூபாய் கொடுத்தார். இவற்றையெல்லாம் சுயசரிதையில் அவரே ஒளியாமற் கூறியிருக்கிறார்.

1893இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியாவில் இந்திய வர்த்தகர் முன்னிலையில் வியாபாரத்திற் சத்தியம் பற்றிப் பேசினார். விஷயத்தை முன்னரே ஆராய்ந்து ஆயத்தமாகச் சென்றார். அதையே தம் வாழ்க்கையின் முதற் பொதுப் பிரசங்கமாக அவர் குறிப்பிடுகிறார். கூச்சம் பிறவிக் குணமாயிருக்கலாம்; ஆயத்தம் நம் கையிலுள்ளது.

அவர் பிறந்த அக்டோபர் 2ஆம் தேதியிலும், குடியரசு தினம் முதலிய நாட்களிலும் நம் ஊர்களிற் கிராம சபை கூடுகிறது. குடிநீர் வராத தெருவுக்காக ஒருவர் எழுகிறார். எத்தனை வீடுகள், எத்தனை நாட்களாகத் தண்ணீரில்லை, எந்தக் குழாய் பழுது என்பவற்றைச் சொல்லாமல், ஆத்திரத்தில் பழைய பகையைப் பேசி அமர்ந்துவிடுகிறார். கூட்டம் கலைகிறது, தீர்மானமில்லை. குடத்துடன் அலைவது அவர் மட்டுமன்று, தெரு முழுவதுமே.

ஆதலால், பேசப்போகும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. சொல்லவேண்டிய மூன்று விஷயங்களைக் காகிதத்திற் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவரை எதிரில் உட்காரவைத்து வாய்விட்டுப் பேசுங்கள். அவருக்கு விளங்காத இடத்தைத் திருத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து மறுபடியும் பேசுங்கள். நெட்டுருச் செய்தல் வேண்டா. அது ஒரு சொல் மறந்தால் நடுவழியில் விட்டுவிடும். விஷயத்தின் வரிசை மனத்திற் பதிந்தாற் போதும்.

தமக்காகப் பேசுகிறவர் தடுமாறினால் நஷ்டம் அவருடையது. பிறருக்காகப் பேசுகிறவர் ஆயத்தமின்றி எழுவது, அவரை நம்பியவர்களுக்குச் செய்யும் துரோகமேயாகும்.