பத்தியத்திற்கு முன் பரிசோதனை

சீலியாக் என்பது கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் நலியும் நோயாம். கோதுமையே இதற்குக் காரணமென விளக்கிய ஹாலந்து தேசத்து வைத்தியர் டிக்கேயின் ஆராய்ச்சி நூல் 1950இல் வெளிவந்தது. பின்னர், குடலிற் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தே நோயை நிச்சயிக்கும் வழக்கம் நிலைபெற்றது. 2012இல் ஐரோப்பியக் குழந்தை வைத்திய நிபுணர் சங்கத்தார், இரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வரம்பினும் பத்து மடங்கு மிகுந்துள்ள குழந்தைகட்கு, வேறு சில நிபந்தனைகளும் பொருந்துமாயின், அத்துன்பம் வேண்டாவென்றனர். இஃது அறிவோடு கூடிய அருளன்றோ?

ஆயினும் இச்சோதனைகள் யாவும் கோதுமை உண்டுவருவோரிடத்தே செல்லும். ஐயத்தால் அதனை முன்னரே விலக்கினோர்க்கு எதிர்ப்பொருள் குறையும், குடலும் தேறும், நோயோ பெயரறியப்படாமலே நிற்கும். பெயரறியா நோய்க்கு ஆயுள் முழுதும் பத்தியங் காப்பார் யார்? ஆதலின் நண்பர்காள், முதலிற் பரிசோதனை, பின்னரே பத்தியம் என்பதே எம் துணிபு.