சாணி வண்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பிசான அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் வழக்கம் தாமிரவருணிப் பாசனப் பகுதியில் இன்னும் அற்றுப்போகவில்லை. பகலில் தாள் மேய்ந்த மந்தையை இரவில் ஒரு வயலில் அடைக்கிறார்கள். சாணியும் மூத்திரமும் அந்த வயலுக்குச் சேர்கின்றன. கார் பருவத்துக்கு உரம் ஆயிற்று என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால், வயலில் விழுந்த சாணி தானாக மண்ணுக்குள் இறங்குவதில்லை. வெயிலில் கிடந்தால் தழைச்சத்தின் ஒரு பங்கு அம்மோனியாவாகிக் காற்றோடு போகும், மிச்சம் வறட்டியாக இறுகும். அதை மண்ணாக்குகிறவை வண்டுகளும் புழுக்களும் காளான்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும்தான். மாட்டுக்கு எந்த மருந்து, எப்போது என்று முடிவு செய்யும்போது இவற்றையும் கணக்கில் எடுக்காமல் விடுவது உழவருக்கே நட்டம்.

சாணி விழுந்த சில நிமிடங்களில் ஈக்கள் வந்து முட்டையிடத் தொடங்குகின்றன. பின்னாலேயே வண்டுகள் வருகின்றன. உருண்டை பிடித்து உருட்டிச் செல்லும் வண்டைத்தான் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் அதிக வேலை செய்பவை சாணிக்கு நேர் கீழே குழி பறித்து அதை உள்ளே இழுத்துச் செல்பவை. ஒந்தோபேகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறு வண்டுகள் பெரும்பாலும் இந்த வகை. குஞ்சுகளுக்கான உணவாகத்தான் அவை சாணியைப் புதைக்கின்றன. நமக்கோ அது கூலியில்லாமல் நடக்கும் உழவும் உரமிடலும். அந்த வண்டுகளின் உடலில் தொற்றிக்கொண்டு மேக்ரோகீலிட் என்னும் மிகச் சிறிய சிற்றுண்ணிகள் பயணம் செய்கின்றன. இவை மாட்டின் ரத்தம் குடிக்கும் உண்ணிகள் அல்ல. புதுச் சாணி வந்ததும் வண்டிலிருந்து இறங்கி, ஈயின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் தேடித் தின்கின்றன. ஈக்கூட்டம் பெருகாமல் இருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. அடுத்த சில நாட்களில் பைலோபோலஸ் போன்ற பூஞ்சைகள் முளைத்து, மாடு மேயக்கூடிய புல்லின் மேல் விழும்படி தம் வித்துப் பொதிகளைத் தொலைவுக்குச் சுண்டி எறிகின்றன. கோடையில் வண்டுகள் குறையும்போது காய்ந்த சாணியைக் கரையான்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆற்றங்கரை வயலுக்கும் மானாவாரித் தேரிக்கும் ஆள் மாறலாம், வேலை நிற்பதில்லை.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்திருக்கிறது. 1788இல் ஐரோப்பியர்கள் அங்கே மாடுகளைக் கொண்டு இறக்கினார்கள். கங்காருவின் சிறு, காய்ந்த எச்சத்துக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகளில் பெரும்பாலானவற்றால் மாட்டுச் சாணியைக் கையாள முடியவில்லை. மேய்ச்சல் நிலம் சாணி மூடிக் கெட்டது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னெமிசா என்ற பூச்சியியலாளரின் முனைப்பில் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1960களிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் செலவு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாட்டோடு வாழ்ந்து பழகிய வண்டுகள் இங்கேயே இருக்கின்றன.

அவற்றுக்கு ஆபத்து மருந்து வழியாக வருகிறது. ஐவர்மெக்டின் மாட்டின் குடற்புழுவையும் வெளி ஒட்டுண்ணிகளையும் ஒரே ஊசியில் தாக்கும் நல்ல மருந்து. அதன் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், அதன் பெரும்பகுதி வீரியம் குறையாமல் சாணியோடு வெளியேறுகிறது. ஊசி போட்டுச் சில வாரங்கள் வரை அந்தச் சாணியில் வண்டின் குஞ்சுகள் தேறுவது கடினம். 1987இல் ‘நேச்சர்’ இதழில் வால், ஸ்ட்ராங் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள், ஐவர்மெக்டின் கொடுத்த கன்றுகளின் சாணி சிதையாமல் கிடந்ததைக் காட்டினார்கள். அந்த ஆய்வில் பயன்பட்டது இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் குளிகை, ஒற்றை ஊசி அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. அது நியாயமான மறுப்பு. ஒற்றை ஊசியின் பாதிப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை. நம் சூழலில் காலமும் சேர்ந்துகொள்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம் செய்யுங்கள் என்பதே பொது அறிவுரை. ஈரம் பட்டு வண்டுகள் வெளிவந்து இனம் பெருக்கும் காலமும் அதுவே.

‘புழு தின்றால் பால் குறையும், கன்று சாகும், வண்டுக்காக மாட்டைப் பலி கொடுப்பதா?’ என்று கேட்பார்கள். ஒன்றிரண்டு கறவையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாணிப் பரிசோதனையில் புழு முட்டைகளின் எண்ணிக்கை பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். குடற்புழுவுக்கு மட்டும் என்றால், வண்டுகளை அவ்வளவாகப் பாதிக்காத ஃபென்பென்டசோல் போன்ற மருந்துகள் உள்ளன. தேவையின்றித் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள்தான் மிஞ்சும் என்பதைக் கால்நடை மருத்துவர்களே சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: வண்டுகள் சாணியைக் கலைத்துப் புதைப்பதால் புல்லில் ஏறும் புழுக்களின் எண்ணிக்கை குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வண்டைக் கொன்றுவிட்டு அதன் வேலையையும் மருந்திடம் வாங்குவது இரட்டைச் செலவு. மாட்டு மருந்து மாட்டோடு நிற்கும் என்று நம்பி ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்த பின்புதான், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம்.

இன்றைய கலப்பினப் பசுக்கள் தொழுவிலேயே நிற்கின்றன, சாணி எருக்குழிக்குத்தானே போகிறது என்பதும் ஓரளவு சரி. நன்றாக மக்கும் குழியில் மருந்தின் வீரியம் குறையும். அதனால்தான் ஊசி போட்ட மாட்டைச் சில வாரம் தொழுவில் கட்டி, அதன் சாணியைக் குழியில் சேர்ப்பது எளிய வழி. கிடை மாட்டுக்கும் மேய்ச்சல் மாட்டுக்கும்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

சாணியில் உயிர்கள் நிறைந்திருக்கின்றன என்றதும் அதையே கிருமிநாசினி என்றும் மருந்து என்றும் கொண்டாடுகிறவர்களோடு இந்த வாதத்துக்கு உறவில்லை. நோய் தரும் ஈ.கோலி வகைகளும் இரணஜன்னியின் வித்துகளும் அதில் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் தொப்புளில் சாணி பட்டால் உயிருக்கே ஆபத்து. மண்ணுக்கு நல்லது எல்லாம் மனிதப் புண்ணுக்கு நல்லதல்ல.

மருந்து இங்குள்ள வண்டுகளை எவ்வளவு பாதிக்கிறது என்று கண்டறிவது தாமிரவருணிப் பள்ளத்தாக்கிலேயே செய்யக்கூடிய வேலை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் மருந்திட்ட, மருந்திடாத மாடுகளின் சாணியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எத்தனை வண்டு வருகிறது, எத்தனை நாளில் கரைகிறது என்று கார், பிசானம் இரு பருவமும் எண்ணுவதற்கு வாளியும் மண்வெட்டியும் பொறுமையுள்ள மாணவர்களும் போதும். அந்த எண்ணிக்கை கைக்கு வந்தால், கால்நடை முகாமில் எந்த மாதம் எந்த மருந்து என்பதை உழவரின் வயலை வைத்தே முடிவு செய்ய முடியும். அதுவரை, முகாமுக்கு வரும் மாட்டுக்கு ஊசிக்கு முன் சாணிப் பரிசோதனை செய்வதைக் கால்நடைத் துறை கட்டாயமாக்கலாம்.