புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடும் முன் ‘விதை’ சிகிச்சை பற்றிக் கேட்டீர்களா?

“அப்பாவுக்கு பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு. புராஸ்டேட்ல கேன்சராம். அடுத்த வாரமே ஆபரேஷன்னு சொல்றாங்க.” ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், உடனே லீவுக்கும் பணத்துக்கும் அலைய ஆரம்பிக்கிறோம். வேறு வழி இருக்கா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கேட்க வேண்டும். அறுவை மருத்துவரிடம் போனால் அவர் ஆபரேஷன் பற்றித்தான் அதிகம் பேசுவார். அது அவர் கைவந்த வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால், புற்று சுரப்பியைத் தாண்டாமல், வேகமாகப் பரவாத வகையாகவும் இருந்தால் ‘பிராக்கிதெரபி’ என்ற உட்புறக் கதிர்வீச்சும் ஒரு நல்ல வாய்ப்பு.

அரிசி மணியைவிடச் சின்னதான டைட்டானியம் குழல்கள். உள்ளே அயோடின்-125. இவற்றைத்தான் ‘விதை’ என்கிறார்கள் (விதைப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசிகள் மூலம் பல பத்து விதைகளைச் சுரப்பிக்குள் வைக்கிறார்கள். பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம். விதைகளின் வீரியம் சுமார் 60 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமிருக்காது. வெறும் குழல்கள் உள்ளேயே தங்கிவிடும். கதிர்வீச்சு வெகுதூரம் போகாது. ஆனாலும் முதல் சில வாரங்களுக்குப் பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், கர்ப்பிணிகளிடம் ஒட்டி உட்கார வேண்டாம் என்பார்கள். பல தாத்தாக்களுக்கு இதுதான் பெரிய தண்டனை.

சும்மா போய்விடும் சிகிச்சையும் அல்ல. சில மாதங்கள் வரை அடிக்கடி சிறுநீர், எரிச்சல் இருக்கலாம். ஆபரேஷனோடு ஒப்பிட்டால் சிறுநீர் கசிவுக்கு வாய்ப்பு குறைவு. புராஸ்டேட் ரொம்ப வீங்கியிருந்தாலோ, ஏற்கெனவே சிறுநீர் போவதில் கடும் சிரமம் இருந்தாலோ இது பொருந்தாமல் போகலாம்.

இந்த விதைகளை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமே உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. சில மையங்களில் இரிடியம்-192 கதிரைச் சிறிது நேரம் மட்டும் உள்ளே செலுத்தி, பிறகு வெளியே எடுத்துவிடும் முறை உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பயன்படும் அதே மெஷின்தான்.

“யோசிச்சிட்டு இருந்தா பரவிடாதா?” நியாயமான பயம். பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வில், ஆரம்பநிலைப் புற்று இருந்த 1,643 ஆண்களைச் சுமார் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆபரேஷன், வெளிக் கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என எதில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேர் அளவில்தான். விதை முறை அதில் தனியாக ஒப்பிடப்படவில்லை. ஆனால் ஆரம்பநிலை என்றால், இன்னொரு டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கிறது என்பது தெளிவு.

பி.எஸ்.ஏ., கிளீசன் ஸ்கோர், புராஸ்டேட்டின் அளவு மூன்றையும் குறித்துக்கொண்டு கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். எந்தச் சிகிச்சையும் தாம்பத்தியத்தைப் பாதிக்கலாம். எது எவ்வளவு என்று பிள்ளைகள் முன்னால் அப்பா கேட்கவே மாட்டார். ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். அவர் தனியாகப் பேசட்டும்.