சுமையோடு போகலாம், சும்மா போகக் கூடாதா?



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கோடை விடுமுறை பற்றி எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் திருவிழா, பாதிப் பேர் மாமா வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

போன வருசம் மே மாதம் நம் பள்ளி அண்ணன்கள் ஐந்து பேர் கும்பக்கரையிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தே கொடைக்கானல் ஏரிக்குப் போய் வந்தார்கள். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. (அண்ணன்கள் கோபிக்க வேண்டாம், ஊருக்கே தெரியும்.) திரும்பி வந்ததும் "பரவாயில்லையே, தைரியம்தான்டா" என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள். இந்த வருசம் நாங்கள் ஏழு பெண்கள் போகலாம் என்று முடிவு செய்தோம். வீட்டில் சொன்ன அன்றைக்கே சாப்பாடு இறங்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குக் காட்டுல என்ன வேலை?"

என் அம்மா சொன்ன காரணம் மட்டும் என்னை யோசிக்க வைத்தது. குரங்கணி. 2018 மார்ச் 11-ஆம் தேதி நம்ம போடிப் பக்கம் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபது பேருக்கு மேல் இறந்து போனார்கள். அதில் பெண்கள் நிறையப் பேர். நான் அப்போது சின்னப் பிள்ளை, ஆனால் ஆம்புலன்ஸ் சத்தம் ஞாபகம் இருக்கிறது. அம்மா பயப்படுவது தப்பே இல்லை. ஆனால் மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். அந்தத் தீ ஆணா பெண்ணா என்று பார்த்து வரவில்லையே! அந்த வருசமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டு வந்தது. பெண்கள் போகக் கூடாது என்று அதில் இல்லை. அப்படியானால் காய்ச்சல் காலத்தில் போகாமல், வனத்துறையிடம் எழுதிக் கேட்டு, வழி தெரிந்த ஆளோடு போவதுதானே சரி? அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியில் சித்தி வருகிறேன் என்று சொன்னதால் மூன்று பேருக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. அனுமதிக்குச் சித்தப்பா மூன்று தடவை அலைந்தார். இரண்டு கோடை மழை பெய்த பிறகு கிளம்பினோம். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குப் பதில் புளிச்சோறு, வறுத்த கடலை, போர்வை, அட்டைக்கு உப்பும் புகையிலையும். கணக்குப் புத்தகம் இல்லாததால் பை லேசாகத்தான் இருந்தது.

முதல் நாள் வெள்ளகவி வரைக்கும் ஏற்றம். கால் என்ன பாடுபட்டது என்பதை எழுதினால் இந்தத் தாள் போதாது. வெள்ளகவியில் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றி விட வேண்டும், ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். என் அப்பத்தா பிறந்த ஊர் அது. சொந்தக்காரர் வீட்டில் படுத்தோம். மறுநாள் வட்டக்கானல் ஏறி, அங்கிருந்து ரோட்டில் நடந்து ஏரிக்குப் போனோம். வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு. நடந்து வந்த எங்களை யாரும் கேட்கவில்லை!

அப்பத்தா கதையைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணம் ஆகிக் கீழே வந்த பிறகும் அது அந்தப் பாதையில்தான் ஏறி இறங்கியது. தலையில் சும்மாடு கட்டி, காபிக் கொட்டையும் பலாப்பழமும் இறக்கும். போகும்போது அரிசியும் உப்பும் ஏற்றும். என் அப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டும் சுமந்திருக்கிறது. அப்போது ஒருத்தரும் "பொம்பளப் பிள்ள, காடு, பாத்துப் போ"ன்னு கூடச் சொல்லலையாம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சுமை தூக்கிக்கொண்டு போனால் அது வேலை, ஆபத்தே கிடையாது. அதே பாதையில் சும்மா ஒரு ஏரியைப் பார்க்கப் போகிறேன் என்றால் புலி, கரடி, கெட்ட பெயர் எல்லாம் வந்துவிடுகிறது.

ஏரி எப்படி என்று கேட்பீர்கள். 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரத் துரை ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி உண்டாக்கியது, நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டு வந்தவரும் அவர்தான். உண்மையைச் சொன்னால் நம்ம கண்மாய் நிறைந்தால் இதை விடப் பெரிசாகத் தெரியும். படகில் போகலாமா என்று காசை எண்ணினோம். படகில் போனால் திரும்ப பஸ்ஸுக்கு இல்லை. அதனால் கரையில் உட்கார்ந்தோம். கண்மாய்க்குத் துணி துவைக்கப் போவோம், ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போவோம். இங்கே ஒன்றரை மணி நேரம் யாரும் எங்களை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. சித்தி, முப்பத்தெட்டு வயசாகிறது, "இப்படி உக்காந்ததே இல்லடி"ன்னு சொன்னாங்க.

வராத நாலு பேரில் ஒருத்திக்குத்தான் அந்தப் பாதை எங்களை விட நன்றாகத் தெரியும். அவள் தாத்தா குதிரையில் சுமை ஏற்றியவர். "அது சாமி ஊரு, இவளுக்குத் தேதி வேற பக்கத்துல வருது" என்று நிறுத்தி விட்டார்கள். இதைச் சுவர் இதழில் எழுதலாமா என்று தயங்கினேன். எங்கள் தமிழ் ஆசிரியை "எழுது" என்றார். அவள் அன்றைக்கு முழுக்கக் கடலைச் செடி பிடுங்கினாளாம், வெயிலில், அதே தேதியில்.

அதனால் கேட்கிறேன். வருகிற மே மாதம் ஓர் ஆசிரியை, வழி தெரிந்த பெரியவர் ஒருவர், வனத்துறை அனுமதிக் கடிதம், இந்த மூன்றோடு பள்ளியிலிருந்தே பெண்களை அழைத்துப் போக வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களுக்கு, படிக்கத் தெரியாவிட்டால், இதைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் சத்துணவு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வரலாம். முதல் பெயரை அவளே வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி