பேரனின் பாஸ்போர்ட்

சிகாகோ நகரின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் அது. ஒரு வியாழக்கிழமை இரவு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணா, அப்பாவுக்கு மூளையிலே ரத்தக் கசிவுன்னு டாக்டர் சொல்றார். எல்லோருமா உடனே புறப்பட்டு வாங்க" என்றார் கும்பகோணத்தில் இருந்த தம்பி. பெரியவருக்கு வயது 84. எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்ற நிலை.

கணவரும் மனைவியும் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தார்கள். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. மூத்த பெண்ணுடையதும் சரியாகவே இருந்தது. ஒன்பது வயதுப் பையனுடையதைப் பிரித்த அம்மாள், "ஏங்க, இது முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்க!" என்றார். "அவனுக்குத்தான் ஓ.சி.ஐ. இருக்கே, அது ஆயுளுக்கும் செல்லுமே" என்றார் கணவர்.

ஓ.சி.ஐ. அட்டை ஆயுளுக்கும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அது பாஸ்போர்ட் அன்று. இந்தியாவுக்குள் விசா இல்லாமல் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கூட இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

மறுநாள் மாலை கணவர் தனியாக விமானம் ஏறினார். சனிக்கிழமை பெரியவர் காலமானார். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து சேரும் வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் கொள்ளி வைத்தார். பல தமிழ்க் குடும்பங்களில் தாத்தா, பாட்டியின் இறுதி ஊர்வலத்தில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது வழக்கம். தம்பியின் பெண் குழந்தைகள் இருவரும் பந்தம் பிடித்தார்கள். "பெரியவன் பிள்ளை எங்கே?" என்று பாட்டி கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இது அஜாக்கிரதையால் வந்தது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் தெரியாததால் வந்தது என்பதே சரி. அமெரிக்கப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு 10 ஆண்டுகள் செல்லும். 16 வயது நிறைவதற்கு முன் வழங்கப்படுவது 5 ஆண்டுகளே செல்லும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வாங்கினாலும், பிள்ளைகளுடையது பாதி வழியில் நின்றுவிடும். பெற்றோர் தங்கள் பாஸ்போர்ட்டின் தேதியையே மனத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்து விடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் பாஸ்போர்ட்டைத் தபாலிலேயே புதுப்பித்துக் கொள்ளலாம். 2024 செப்டம்பர் முதல், 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கணினி வழியாகவும் புதுப்பிக்கலாம். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் புதுப்பித்தல் என்பதே கிடையாது. ஒவ்வொரு முறையும் டி.எஸ். 11 என்ற படிவத்தில் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். புறநகரிலுள்ள தபால் நிலையம், நூலகம், கவுண்டி கிளார்க் அலுவலகம் ஆகியவற்றில் இப்பணியை ஏற்றிருக்கும் ஒன்றுக்குக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நேரில் செல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்வது அவசியம்.

தாயும் தந்தையும் இருவருமே நேரில் வந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பிரிந்த பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டு போவதைத் தடுப்பதற்காக, 2001-ல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது ஏற்பட்டது. 2008-ல் 16 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஒருவரால் வர இயலாவிட்டால், அவர் டி.எஸ். 3053 என்ற சம்மதப் படிவத்தில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டையின் இருபுறப் பிரதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்து மூன்று மாதங்களுக்குச் செல்லும்.

மேற்சொன்ன குடும்பத்தில் முடிச்சு விழுந்த இடம் இதுதான். நெருங்கிய உறவினர் மரணத் தறுவாயில் இருந்தாலோ, இறந்துவிட்டாலோ அவசரப் பாஸ்போர்ட் பெற வழி உண்டு. பெற்றோர், பிள்ளைகள், கணவன், மனைவி, உடன்பிறந்தோர் மட்டுமின்றித் தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும். தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் ஏஜென்சிக்கு நேரில் செல்ல வேண்டும். அத்தகைய ஏஜென்சி ஒன்று சிகாகோவிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி செய்திருந்தால், பையனும் தகப்பனாருடன் சென்றிருக்க வாய்ப்பு இருந்தது. இந்த வழி பற்றி அம்மாளுக்கு யாரோ சொன்னபோது வெள்ளி இரவாகிவிட்டது. சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்போது ஆகாயத்தில் இருந்தார்.

இதற்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதமும் தேவை. நோயாளியின் பெயர், நோயின் நிலை, உயிருக்கு ஆபத்து என்ற விவரம் ஆகியவற்றை மருத்துவமனையின் கடிதத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஊரில் கட்டிலருகே நிற்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இதைக் கேட்டு வாங்கத் தோன்றாது. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, "டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் படம் எடுத்து அனுப்பு" என்று இங்கிருப்பவர் சொல்லிவிட வேண்டும்.

தமிழர்களின் பெயர் முறையாலும் ஒரு சிக்கல் வருவதுண்டு. தகப்பனார் பெயரே மகனுக்குக் குடும்பப் பெயராக நிற்கிறது. தாயார் பாஸ்போர்ட்டில் அவருடைய தகப்பனார் பெயர் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்! இவர்கள்தாம் பெற்றோர் என்று அதிகாரிக்குப் பெயரைப் பார்த்துத் தெரியாது. பழைய பாஸ்போர்ட் குழந்தையின் குடியுரிமைக்குச் சான்றாகுமே தவிர, பெற்றோர் யார் என்பதற்குச் சான்றாகாது. ஆகவே பெற்றோர் பெயர்கள் உள்ள, அரசு முத்திரையிட்ட பிறப்புச் சான்றிதழை உடன் கொண்டு செல்ல வேண்டும். அதன் நகலும் வேண்டும். டி.எஸ். 11 படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்திட்டுவிடக் கூடாது. அதிகாரியின் எதிரில்தான் இட வேண்டும். புகைப்படம் 2 அங்குலச் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். 2016 நவம்பர் முதல் படத்தில் மூக்குக்கண்ணாடி கூடாது.

2025-ம் ஆண்டு நிலவரப்படி, குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு 100 டாலரும், விண்ணப்பத்தை ஏற்கும் அலுவலகத்துக்கு 35 டாலரும் ஆகும். விரைவாக வேண்டுமானால் மேலும் 60 டாலர். அவ்வாண்டில் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்களில் பாஸ்போர்ட் கிடைத்தது. ஆனால் 2023-ம் ஆண்டு வசந்த காலத்தில் இதுவே 10 முதல் 13 வாரங்கள் வரை இழுத்தது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல விரும்புவோர் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நலம்.

பாஸ்போர்ட் முடியும் நாள் வரை காத்திருப்பதும் தவறு. இந்தியாவுக்கு மின் விசா கேட்பவரின் பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். ஆகவே ஐந்தாண்டுப் பாஸ்போர்ட்டை நான்கரை ஆண்டுப் பாஸ்போர்ட் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். ஓ.சி.ஐ. உள்ள பிள்ளைகளுக்கு, 20 வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் பிரதியையும் புதுப் படத்தையும் இந்திய அரசின் ஓ.சி.ஐ. தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளையும் மறக்கலாகாது. 16 வயதுக்கு முன் வாங்கிய பாஸ்போர்ட்டை அவர்கள் தபாலில் புதுப்பிக்க முடியாது. நேரில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜை வருகிறது. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் இடும் வேளையில், அலமாரியில் இருக்கும் அந்தச் சிறு புத்தகங்களையும் வெளியே எடுத்து வைக்கலாம். மறுநாள் அவற்றைப் பிரித்து, எது எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடலாம். தடுப்பூசி அட்டவணையைப் போல இதையும் ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும்.

அந்தப் பையனுக்கு இப்போது புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போகிறான். பாட்டி அவனுக்காகக் காத்திருக்கிறார்.